கருப்புச் சுவர்கள்: டைக் திரள்கள் எங்கே பிறந்தன, எந்த வழியாக வந்தன

கனடாவின் வட பகுதியை விமானத்திலிருந்து காந்தமானியால் அளந்து தயாரித்த வரைபடம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஏரி, ஆறு, மலை எதுவும் அதில் தெரியாது; கோடுகள்தான் தெரியும். ஆர்க்டிக் கரையில், விக்டோரியா தீவுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு புள்ளியில் காம்பைப் பிடித்து விரித்த விசிறி மாதிரி, தெற்கிலும் தென்கிழக்கிலும் கோடு கோடாக ஓடி ஒன்டாரியோ வரை போகின்றன. நீளம் 2,000 கிலோமீட்டருக்கு மேல். இதற்கு மெக்கன்சி டைக் திரள் என்று பெயர். வயது 126.7 கோடி ஆண்டுகள். மேலே அடர்ந்த காடு, சதுப்பு, பனியாறு கொண்டுவந்து கொட்டிய மண் எல்லாம் கிடந்தாலும், இந்தப் பாறைகளில் இருக்கும் மேக்னடைட் என்ற காந்தத் தாது அத்தனையையும் மீறிக் காந்தமானியில் தெரிந்துவிடுகிறது.

டைக் என்றால் பழைய ஸ்காட்லாந்து வழக்கில் சுவர். பூமிக்குள் இருக்கும் பாறையில் ஒரு விரிசல் திறக்கிறது, அதற்குள் பாறைக்குழம்பு பாய்ந்து அப்படியே உறைகிறது, பிறகு மேலே இருந்த நிலம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போய் அந்தச் சுவரின் குறுக்குவெட்டு நம் காலடிக்கு வருகிறது. மாஃபிக் என்பது மக்னீசியத்தையும் இரும்பையும் சேர்த்துச் சொல்லும் பெயர். அந்த இரண்டும் நிறைய இருப்பதால்தான் பாறை கருப்பாக இருக்கிறது. இதே குழம்பு தரைக்கு மேலே வழிந்திருந்தால் பசால்ட், உள்ளே சற்று மெதுவாக உறைந்தால் டோலரைட். கல்லறைகளிலும் சமையலறை மேடைகளிலும் 'கருப்பு கிரானைட்' என்று விற்கப்படுவதில் கணிசமான பங்கு கிரானைட்டே கிடையாது, இந்த டோலரைட்டும் அதன் உறவுக்காரப் பாறைகளும்தான்.

ஒரு டைக் தனியாக வருவது குறைவு. நூற்றுக்கணக்கில், ஒரே திசையில் இணையாகவோ விசிறியாகவோ வந்தால் அதைத் திரள் என்கிறோம். உலகத்தின் பழைய கண்டக் கருக்கள், அதாவது கிரேட்டான்கள், கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இவை உண்டு: கனடாவின் சுப்பீரியர், தென்னிந்தியாவின் தார்வார், ஆஸ்திரேலியாவின் யில்கார்ன், ஸ்காட்லாந்தின் வடமேற்கு ஓரம். பல இடங்களில் ஒன்றின் மேல் ஒன்றாக நான்கைந்து திரள்கள் வெவ்வேறு காலங்களில் வெட்டிக்கொண்டு போயிருக்கின்றன. (ஜிம்பாப்வேயின் 'கிரேட் டைக்' பெயரில் மட்டுமே டைக். 550 கிலோமீட்டர் நீளம், இடத்துக்கு இடம் 11 கிலோமீட்டர் வரை அகலம், உள்ளே அடுக்கடுக்காகப் படிந்த ஒரு பெரிய மாக்மா அறை அது. பெயர் வைத்தவர்கள் வைத்துவிட்டார்கள், இனி மாறாது.)

சரி, இவை எங்கிருந்து வந்தன? பாடப்புத்தகத்தின் பதில் ஒரே வரி: கவசம் (மேலோட்டுக்குக் கீழே இருக்கும் தடித்த பாறை அடுக்கு) உருகியது, குழம்பு மேலே வந்தது, விரிசலை நிரப்பியது. இந்த வரியில் 'மேலே வந்தது' என்ற நடுத்துண்டுதான் என் கண்ணில் பிரச்சினையே. டைக்கின் வேதியியலைப் படிக்கும்போது நாம் அது பிறந்த இடத்தைப் படிப்பதாக நினைத்துக்கொள்கிறோம், ஆனால் பெரும்பாலும் அது வந்த வழியைத்தான் முதலில் படிக்கிறோம்.

முதலில் ஒரு டைக்கைக் கிட்டத்தில் பார்த்துவிடுவோம். வெளிர் கிரானைட்டோ, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி வரிவரியான நைஸ் பாறையோ இருக்கும் ஒரு பாறைவெளியில் அதன் குறுக்கே நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கிரானைட் முடிந்து கருப்பு தொடங்கும் எல்லை கத்தியால் கீறியது போலக் கூர்மையாக இருக்கும். அந்த எல்லையை ஒட்டிய ஓரிரு விரல் அகலத்தில் கருப்புப் பாறை வழவழவென்று, மணியே தெரியாமல், சுத்தியலால் தட்டினால் கண்ணாடி போலச் சில்லுச் சில்லாக உடையும். குளிர்ந்த பாறையில் பட்ட மாத்திரத்தில் குழம்பு உறைந்த இடம் அது. இரண்டு எட்டு உள்ளே போனால் கை லென்ஸில் மெல்லிய வெள்ளை ஊசிகள் தெரிய ஆரம்பிக்கும், அவை பிளேஜியோகிளேஸ் என்ற தாது. நடுவுக்குப் போகும்போது அந்த ஊசிகள் அரிசி மணி அளவுக்கு வளர்ந்து, அவற்றின் இடுக்கை எல்லாம் பைராக்சீன் என்ற கரும்பச்சைத் தாது அடைத்துக்கொண்டிருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் கிரானைட்டைப் பார்த்தால் அதுவும் சும்மா இல்லை, கொஞ்ச தூரத்துக்குச் சுட்டுப் போயிருக்கும்.

எவ்வளவு நேரத்தில் இது நடந்தது என்று பேனாவும் தாளும் இருந்தாலே கணக்குப் போடலாம். பாறையில் வெப்பம் பரவும் வேகம் ஏறத்தாழ நொடிக்கு ஒரு சதுர மில்லிமீட்டர். பாதி அகலத்தை வர்க்கப்படுத்தி அதனால் வகுத்தால், 1 மீட்டர் அகல டைக் ஆறுவதற்கு மூன்று நாள் மாதிரி வரும். அகலம் 30 மடங்கானால் காலம் 900 மடங்கு. அதாவது மெக்கன்சி திரளில் சராசரி என்று சொல்லப்படும் 30 மீட்டர் டைக்குக்கு ஏழு ஆண்டு. பூமியின் கணக்கில் இது கண் சிமிட்டும் நேரம். அந்த நேரத்துக்குள் குழம்பு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போயாக வேண்டும், இல்லையென்றால் வழியிலேயே உறைந்துவிடும். இப்போது இன்னொரு கணக்கு. 30 மீட்டர் அகலம், 2,000 கிலோமீட்டர் நீளம், 20 கிலோமீட்டர் உயரம் என்று ஒரே ஒரு சுவரை வைத்துக்கொண்டால் 1,200 கன கிலோமீட்டர் குழம்பு வேண்டும். ஐஸ்லாந்தில் 2014 ஆகஸ்டில் தொடங்கி ஆறு மாதம் கொட்டிய ஹோலுஹ்ரவுன் எரிமலைப் பாய்ச்சலே மொத்தம் சுமார் ஒன்றரை கன கிலோமீட்டர்தான், அதையே அந்த நாட்டில் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் காணாத அளவு என்றார்கள்.

ஐஸ்லாந்தை இழுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஹோலுஹ்ரவுனில் லாவா வெளியே வந்தது பார்தர்புங்கா எரிமலையின் உச்சியில் இல்லை. அதன் அடியிலிருந்து குழம்பு தரைக்குள்ளேயே பக்கவாட்டில் இரண்டு வாரம் ஊர்ந்து, 45 கிலோமீட்டருக்கு மேல் போய், அங்கே திறந்தது. நிலநடுக்கங்கள் ஒவ்வொரு நாளும் எங்கே நகர்கின்றன என்று பார்த்துக்கொண்டே டைக்கின் நுனியைத் தொடர முடிந்தது. அதற்கு முன் ஐஸ்லாந்தின் இன்னொரு எரிமலையான கிராஃப்லாவில் 1975 முதல் 1984 வரை இதே விளையாட்டு பலமுறை நடந்தது. அதில் ஒரு சுற்றில், 1977 செப்டம்பரில், தரைக்குள் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்த குழம்பு வழியில் இருந்த ஒரு நீராவி ஆழ்துளைக் கிணற்றை வெட்டியது. கிணற்றின் வாய் வழியாகச் சிறிது லாவா பீறிட்டு வந்து விழுந்தது. மனிதன் போட்ட துளை வழியாக எரிமலை வெடித்த கதை வேறெங்கும் நான் படித்ததில்லை.

ஆக, டைக் என்றாலே கீழிருந்து மேலே என்ற மனப்படத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். குழம்பு எந்தத் திசையில் விரிசலைத் திறக்கும் என்பதை நிலத்தின் அழுத்தம் முடிவு செய்கிறது: எந்தப் பக்கம் அழுத்தம் மிகக் குறைவோ அந்தப் பக்கமாகச் சுவர்கள் விலகும், டைக் அதற்குச் செங்குத்தாக நிற்கும். ஸ்காட்லாந்துக்காரர் எர்னஸ்ட் ஆண்டர்சன் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே எழுதிவைத்த விதி இது. மேலே வரும் குழம்பு தன் அடர்த்திக்குச் சமமான அடர்த்தியுள்ள மட்டத்துக்கு வந்ததும் மேலே ஏறுவதில் ஆர்வம் இழந்து பக்கவாட்டில் ஓடும். மெக்கன்சியிலேயே இதைச் சோதித்தார்கள். ஓடும் குழம்பில் மிதக்கும் சிறு மணிகள் ஓட்டத்தின் திசையில் சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வு பாறையின் காந்தப் பண்பில் பதிந்திருக்கும். ரிச்சர்ட் எர்ன்ஸ்டும் பாரகரும் 1992-ல் அளந்து வெளியிட்ட முடிவு: விசிறியின் காம்பிலிருந்து சுமார் 500, 600 கிலோமீட்டர் வரை ஓட்டம் செங்குத்து, அதற்கு அப்பால் கிடைமட்டம். ஒன்டாரியோவில் ஒருவர் ஒரு மெக்கன்சி டைக்கைத் தட்டி மாதிரி எடுத்தால், அந்தக் குழம்பு ஒன்டாரியோவின் அடியில் உருகியது கிடையாது.

இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போவோம்.

கவசம் நேரடியாக உருகி வந்த குழம்புக்கு ஒரு அடையாளம் உண்டு. கவசத்தில் பெருமளவு ஆலிவின் என்ற தாது, அதில் மக்னீசியம் மிக அதிகம். அதோடு சமநிலையில் இருந்த குழம்பில் மக்னீசியத்தையும் இரும்பையும் அணுக்கணக்கில் சேர்த்து அதில் மக்னீசியத்தின் பங்கைப் பார்த்தால் 70 விழுக்காட்டை ஒட்டி வரவேண்டும், நிக்கலும் 300 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 300 பங்குக்கு) குறையக் கூடாது. பழைய டைக்குகளில் இப்படிப்பட்டவை அபூர்வம். பெரும்பாலானவை 40-க்கும் 60-க்கும் நடுவில் நிற்கும், நிக்கல் 100-ஐத் தொடவே சிரமப்படும். அர்த்தம் என்னவென்றால், குழம்பு வழியில் எங்கோ தங்கி, ஆலிவினையும் பைராக்சீனையும் படிகமாகக் கழித்துவிட்டு, மிச்சத்தோடுதான் நம்மிடம் வந்திருக்கிறது. தங்கிய இடம் பெரும்பாலும் மேலோட்டின் அடிவாரம். அங்கே கழித்துப் போட்ட படிகங்கள் இன்னமும் அங்கேயே கிடக்கின்றன, நாம் பார்ப்பது எஞ்சிய சாறு.

உருகிய ஆழத்தைப் பிடிக்க அருமண் தனிமங்கள் உதவும். கவசத்தில் சுமார் 80 கிலோமீட்டருக்குக் கீழே கார்னெட் என்ற தாது இருக்கும். இட்டர்பியம் மாதிரிக் கனமான அருமண் தனிமங்களைக் கார்னெட் விடாமல் பிடித்துக்கொள்ளும், லாந்தனம் மாதிரி இலேசானவற்றைக் கண்டுகொள்ளாது. எனவே லாந்தனத்துக்கும் இட்டர்பியத்துக்கும் உள்ள விகிதம் ஏறினால், முக்கியமாகக் கனமானவற்றின் கோடு சரிந்தால், கார்னெட் இருந்த ஆழத்தில் உருகியது என்கிறோம். இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. கிரேட்டான்களின் அடியில் பாறைக்கோளத்தின், அதாவது மேலோடும் அதோடு ஒட்டிய குளிர்ந்த கவசமும் சேர்ந்த கெட்டி மூடியின், தடிமன் 150, 200 கிலோமீட்டர். அவ்வளவு தடித்த மூடி மேலே இருந்தால் அதற்குக் கீழேதான் உருக முடியும், கார்னெட் முத்திரை இல்லாமல் தப்பவே முடியாது. ஆனால் கிரேட்டானின் நடு நெஞ்சை வெட்டிக்கொண்டு போகும் பல டைக்குகளில் கனமான அருமண் தனிமங்களின் கோடு கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கிறது. மூடி அந்தச் சமயத்தில் மெலிந்திருந்ததா? இருக்கலாம். ஆனால் எளிய பதில் ஒன்றும் இருக்கிறது: மூடி மெலிந்த ஏதோ ஓரத்தில் உருகி, அங்கிருந்து பக்கவாட்டில் நடு நெஞ்சுக்கு ஓடி வந்திருக்கலாம். மாதிரி எடுத்த இடத்தின் அடியில் கவசம் எப்படி இருந்தது என்று வரைபடம் போட்டுக் காட்டும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் இந்தச் சந்தேகம் எனக்கு வரும்.

அப்புறம் கலப்படம். இதுதான் மொத்த விவகாரத்தின் மையம், எனவே எண்களோடு பார்ப்போம். எண்கள் நானே கணக்குக்காக எடுத்துக்கொண்டவை, ஆனால் நிஜப் பாறைகளின் அளவுக்குள்தான் இருக்கின்றன. கவசத்திலிருந்து வந்த குழம்பில் சிலிக்கா 50 விழுக்காடு, நியோடிமியம் 10 பிபிஎம், தோரியம் 0.5 பிபிஎம். வழியில் அது கிரானைட் மாதிரியான மேலோட்டுப் பாறையை உருக்கி விழுங்குகிறது. அதில் சிலிக்கா 70, நியோடிமியம் 30, தோரியம் 10. பத்தில் ஒரு பங்கு விழுங்கினால் என்ன ஆகும்? சிலிக்கா 52 ஆகும், யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். நியோடிமியம் 12 ஆகும், ஆனால் அந்த 12-ல் 3, அதாவது கால் பங்கு, மேலோட்டுக்குச் சொந்தம். தோரியம் 0.5-லிருந்து 1.45 ஆகும், மூன்று மடங்கு. பார்வைக்குப் பாறை அதே கருப்பு டோலரைட். தோரியத்தைக் கேட்டால் கதையே வேறு.

ஐசோடோப்புகள் இதை இன்னும் வெளிச்சம் போடும். சமேரியம் 147 சிதைந்து நியோடிமியம் 143 ஆகிறது, அரை ஆயுள் 10,600 கோடி ஆண்டுகள், அதாவது பூமியின் வயதைவிட இருபது மடங்குக்கும் மேல். அதனால் மாற்றம் மிக நுண்ணியது. பத்தாயிரத்தில் ஒரு பங்கை அலகாக வைத்து எப்சிலான் என்று எழுதுவார்கள். நெடுங்காலம் உருகி உருகி வறண்ட கவசத்துக்கு இது நேர்க்குறி, பழைய மேலோட்டுக்கு எதிர்க்குறி. மேலே சொன்ன குழம்பு +4, மேலோடு −10 என்றால், கால் பங்கு கலந்தபின் கிடைப்பது +0.5. இந்த +0.5-ஐ மட்டும் பார்க்கும் ஒருவர், கலப்படமே இல்லாத சாதாரண ஆதிக் கவசத்திலிருந்து வந்தது என்று நிம்மதியாக எழுதிவிடலாம். எழுதியும் இருக்கிறார்கள்.

அப்படி ஏமாறாமல் இருக்க நையோபியத்தைப் பார்க்கிறார்கள். கண்ட மேலோட்டில் தோரியமும் லாந்தனமும் இருக்கும் அளவுக்கு நையோபியம் இருக்காது. தனிமங்களை வரிசையாக அடுக்கி வரைந்தால் நையோபியம், டாண்டலம் இருக்கும் இடத்தில் பள்ளம் விழும். கலப்படமான டைக்கிலும் அதே பள்ளம் தெரியும். பள்ளம் இருந்தால் மேலோட்டைத் தின்றிருக்கிறது என்று முடித்துவிடலாம்போலத் தோன்றும்.

ஆனால் இன்னொரு சந்தேக நபர் இருக்கிறார். கண்டத்தின் வேர், அதாவது மேலோட்டுக்குக் கீழே அதோடு ஒட்டிக்கொண்டு பல நூறு கோடி ஆண்டுகளாக அசையாமல் இருக்கும் குளிர்ந்த கவசப் பகுதி. பழங்காலத்தில் ஏதோ ஒரு கடல்தட்டு அதன் அடியில் புதைந்தபோது, அதிலிருந்து கசிந்த திரவங்கள் இந்த வேரை ஊறவைத்திருக்கும். அந்தத் திரவங்களிலும் தோரியம் உண்டு, நையோபியம் இல்லை. பிறகு என்றோ ஒரு நாள் அந்த வேர் உருகினால், அதில் வரும் குழம்பிலும் அதே பள்ளம், எப்சிலானிலும் அதே எதிர்க்குறி. மேலோட்டில் ஒரு துணுக்கைக்கூடத் தொடாமலே மேலோட்டின் முகஜாடையோடு வந்து நிற்கும்.

இந்த இருவரில் யார் என்று பிரிக்க வழக்கமாக ஒரு வாதம் வைப்பார்கள். வழியில் நடந்த கலப்படம் என்றால் ஒவ்வொரு டைக்கும் வெவ்வேறு அளவு விழுங்கியிருக்கும், சிலிக்கா கூடக் கூடப் பள்ளமும் ஆழமாகும், எப்சிலானும் இறங்கும். வேரிலிருந்தே வந்தது என்றால் எல்லாம் ஒரே சீராக இருக்கும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு, பல வகை மேலோட்டைக் குறுக்கே வெட்டிப் போயும், தோரியத்துக்கும் நையோபியத்துக்கும் உள்ள விகிதம் மாறவில்லை, எனவே மூலம்தான் காரணம் என்று முடிப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹோலுஹ்ரவுனை நினைத்துப் பாருங்கள். குழம்பு ஒரே அறையில் தங்கி, அங்கேயே மேலோட்டை விழுங்கி, நன்றாகக் கலந்து, பிறகு பக்கவாட்டில் 1,000 கிலோமீட்டர் ஓடினால் திரள் முழுவதும் ஒரே சீராகத்தான் இருக்கும். வழியில் இருக்கும் பாறைகளோடு அதற்கு ஓரத்தில் உறைந்த அந்த ஓரிரு விரல் தோலைத் தவிர உறவே இல்லை. சீராக இருப்பது குழம்பு ஒரே தொட்டியிலிருந்து வந்தது என்பதற்குச் சாட்சி. தொட்டிக்குள் என்ன நடந்தது என்பதற்கு இல்லை.

'சிலிக்கா கூடக் கூட' என்பதிலும் ஒரு ஓட்டை. மேலோட்டை உருக்க வெப்பம் வேண்டும், அதிக வெப்பம் இருப்பது மக்னீசியம் அதிகமுள்ள, இன்னும் முதிராத, அதாவது படிகம் கழிக்காத குழம்பில். 1985-ல் ஹப்பர்ட்டும் ஸ்பார்க்ஸும் காட்டினார்கள்: சூடான, நீர்த்த குழம்பு சுழித்துக்கொண்டு ஏறும்போது சுவரைக் கரைத்துக்கொண்டே போகும், ஆறிப்போன கெட்டிக் குழம்பு அமைதியாக ஓடித் தன் தோலுக்குள் தானே போர்த்திக்கொள்ளும். எனவே மிகத் தூய்மையாகத் தோன்றும் டைக்கே மிக அதிகம் கலந்ததாகவும் இருக்கலாம். பார்வையை நம்ப முடியாத துறை இது.

இதில் மிகச் சுவையான வழக்கு நோரைட் வகை டைக்குகள். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில், பல கிரேட்டான்களில் ஒரு விநோதக் குழம்பு வந்திருக்கிறது: மக்னீசியமும் அதிகம், சிலிக்காவும் அதிகம், குரோமியமும் அதிகம், டைட்டானியம் மட்டும் மிகக் குறைவு, கூடவே ஆழமான நையோபியம் பள்ளம். ஒரு முறை உருகி டைட்டானியத்தை எல்லாம் இழந்த வறண்ட வேர், பிறகு மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ திரவம் ஊறி, மறுபடி உருகியது என்றால் எல்லாம் பொருந்துகிறது. மேலோட்டைத் தின்ற மிகச் சூடான கொமாட்டியைட் குழம்பு என்றாலும் ஓரளவு பொருந்துகிறது. நான் முதல் பக்கம் சாய்கிறேன். டைட்டானியம் அவ்வளவு குறைவாக இருப்பதைக் கலப்படத்தால் மட்டும் விளக்குவது கஷ்டம். ஆஸ்மியம் ஐசோடோப்பு கிடைக்கும் இடத்தில் அது நல்ல நடுவர், ஏனென்றால் மேலோட்டில் ரேனியத்திலிருந்து சிதைந்து வந்த ஆஸ்மியம் 187 ஏறிக்கொண்டே போயிருக்கும், வறண்ட வேரிலோ அது மிகக் குறைந்தே நிற்கும். இந்த இரண்டு சந்தேக நபர்களும் நியோடிமியத்தில் ஒரே சட்டை போட்டிருந்தாலும் ஆஸ்மியத்தில் வேறு வேறு. ஆனால் முதிர்ந்த டோலரைட்டில் ஆஸ்மியமே மிகச் சொற்பம் என்பதால் எல்லா டைக்கிலும் இந்தச் சோதனை எடுபடாது.

பழமையால் வரும் சேதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நூறு, இருநூறு கோடி ஆண்டுகள் பூமிக்குள் கிடந்த பாறையில் வெந்நீர் ஓடியிருக்கும், பைராக்சீன் ஆம்ஃபிபோலாகவும் குளோரைட்டாகவும் பச்சை பிடித்திருக்கும். பொட்டாசியம், ரூபிடியம், பேரியம் எல்லாம் நீரோடு வரும், நீரோடு போகும். அவற்றை நம்பிக் கதை கட்டக் கூடாது. டைட்டானியம், சிர்கோனியம், நையோபியம், தோரியம், அருமண் தனிமங்கள் ஆகியவை பெரும்பாலும் இருந்த இடத்தில் இருக்கும். சேதம் எப்போதும் கெட்டதும் இல்லை: சுப்பீரியர் கிரேட்டானின் மட்டசெவான் டைக்குகளில் பிளேஜியோகிளேஸ் பழுப்பாக மங்கியிருக்கும். உள்ளே நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்கள் பிரிந்ததால் வந்த மங்கல் அது, ஆழத்தில் உறைந்த டைக்குகளில் கூடுதல். பிளேஜியோகிளேஸின் நிறத்தைப் பார்த்து அந்த நிலம் எவ்வளவு தூக்கப்பட்டது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

அடுத்த கேள்வி, இவ்வளவு குழம்பையும் ஒரே மூச்சில் உருக்கியது யார். பெரும்பாலோர் சொல்லும் பதில் புளூம், கவசத்தின் அடியாழத்திலிருந்து எழும் வெப்பத் தூண். விசிறியின் காம்பு இருக்கும் இடம் தூண் முட்டிய இடம், குறுகிய காலம், பெரும் அளவு, காம்பின் பக்கத்தில் லாவாக் குவியல்: மெக்கன்சியில் இவை எல்லாம் உண்டு, காப்பர்மைன் ஆற்று பசால்ட்டுகளும் மஸ்காக்ஸ் அடுக்குப் பாறையும் அங்கேதான் இருக்கின்றன. அதை நான் ஏற்கிறேன். ஆனால் எங்கே மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் சேர்ந்தாலும் புளூம் என்று குத்திவிடும் பழக்கம் வந்துவிட்டது. போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ திரள் நல்ல பாடம். தென் ஆப்பிரிக்காவின் கரூ எரிமலைக் காலத்தைச் சேர்ந்தது, சுமார் 18 கோடி ஆண்டு. மூன்று கைகள் சந்திக்கும் ஒரு புள்ளியின் ஒரு கை என்று புத்தகங்களில் இருந்தது. 2004-ல் ஃபிரெட் ஜூர்தானும் கூட்டாளிகளும் டைக் டைக்காக வயது பார்த்தபோது, அதே திசையில் ஓடும் சிலவற்றின் வயது பல மடங்கு அதிகமாக, புரோட்டரோசோயிக் காலத்துக்கு (54 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த பழங்காலம்) போனது. வேதியியலிலும் அவை தனி. அதாவது அந்த நிலத்தில் பழைய விரிசல் திசை ஒன்று முன்பே இருந்தது, 18 கோடி ஆண்டுக்கு முன் வந்த குழம்பு அந்தப் பழைய தழும்பில் புகுந்திருக்கிறது. கையின் திசையைத் தீர்மானித்தது கீழே வந்த தூண் இல்லை, மேலே இருந்த நிலத்தின் பழைய வரலாறு.

ஒரே திசை என்பதால் ஒரே திரள் என்று நினைத்தது ஒகவாங்கோவுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. ஸ்காட்லாந்தின் வடமேற்கில் ஸ்கௌரி டைக்குகள் இருக்கின்றன. 1951-ல் சட்டனும் வாட்சனும் அவற்றை ஒரு கோடாக வைத்து அந்த வட்டாரத்தின் பழைய நைஸ்களையே இரண்டாகப் பிரித்தார்கள்: டைக் நைஸின் மடிப்பை வெட்டிப் போனால் மடிப்பு பழையது, டைக்கும் சேர்ந்து நசுங்கியிருந்தால் நசுக்கியது புதியது. எளிமையான, அழகான யோசனை. ஆனால் எல்லா டைக்கும் ஏறத்தாழ ஒரே காலம் என்று எடுத்துக்கொண்டால்தான் அது நிற்கும். அந்த அனுமானத்தைச் சோதிக்க நீண்ட காலம் வழியே இல்லை, ஏனென்றால் மாஃபிக் பாறையில் வயது பார்க்க உதவும் சிர்கான் பெரும்பாலும் இருக்காது. வழி திறந்தது பேடிலியைட் என்ற தாதுவால். சிர்கோனியம் ஆக்சைடு, தேன் பழுப்பு, மெல்லிய தகடு, ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நீளம். உருவாகும்போது யுரேனியத்தை ஏற்றுக்கொள்ளும், ஈயத்தைக் கிட்டத்தட்ட ஏற்காது. எனவே இன்று உள்ளே இருக்கும் ஈயம் முழுக்க யுரேனியம் சிதைந்து வந்தது. கல்லை மாவாக அரைத்து, நீர் ஓடும் அதிரும் மேசையில் அலசி, கடைசியில் நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொரு தகடாகப் பொறுக்க வேண்டும். தகடு மெல்லியது என்பதால் நீரோடு போய்விடும், அலசுபவரின் கைப்பக்குவம்தான் எல்லாம்.

1989-ல் ஹீமனும் டார்னியும் ஸ்கௌரியின் இரண்டு டைக்குகளிலிருந்து பேடிலியைட் பொறுக்கி வயது பார்த்தார்கள். ஒன்று 241.8 கோடி, இன்னொன்று 199.2 கோடி. இடைவெளி 42 கோடி ஆண்டுக்கும் மேல். ஒரே குழம்பு படிப்படியாக முதிர்ந்த வரிசையாகத் தோன்றக்கூடிய புள்ளிகளுக்கு நடுவில் இத்தனை காலம் ஒளிந்திருந்தால், அந்த வரிசையை வைத்துப் போட்ட கோட்டுக்கு என்ன பொருள்? டார்னி அதே டைக்குகளின் வேதியியலை அதற்கு முன் விரிவாக எழுதியவர் என்பது இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

இப்போது நடைமுறை மாறிவிட்டது. கிரேட்டான்களின் டைக் வயதுகளைப் பொருட்களின் பட்டைக்குறி மாதிரி வரிசைப்படுத்தி, எந்தக் கிரேட்டான் ஒரு காலத்தில் எதோடு ஒட்டியிருந்தது என்று பொருத்திப் பார்க்கிறார்கள். 20.1 கோடி ஆண்டுக்கு முந்தைய மத்திய அட்லாண்டிக் டைக்குகள் இன்று நான்கு கண்டங்களில் சிதறிக் கிடப்பது அனைவருக்கும் தெரிந்த உதாரணம். அதையே 200 கோடிக்கு அப்பால் செய்வதுதான் நோக்கம். அங்கே வேதியியலை முதல் சாட்சியாக யாரும் கூப்பிடுவதில்லை. வயதும் காந்தத் திசையும் ஒத்துப்போன பிறகு, இரண்டும் ஒரே தொட்டியா என்று கேட்கத்தான் அது வருகிறது.

அதனால் ஒரு டைக்குக்குப் போகிறவர்கள் இப்போது ஒரே இடத்தில் ஒரு கல்லை உடைத்துக்கொண்டு திரும்புவதில்லை. ஓரத்தில், அந்த வழவழப்பான தோலில் ஒன்று, குழம்பு படிகம் கழிக்கும் முன் எப்படி இருந்தது என்று பார்க்க. நடுவில், மணி மிகப் பெரிதாக இருக்கும் இடத்தில் இரண்டு மூன்று கிலோ, பேடிலியைட்டுக்கு. இரண்டு ஓரங்களிலும் திசை குறித்துத் துளைத்த உருளைகள், குழம்பு எந்தப் பக்கமாக ஓடியது என்பதற்கு. கடைசியாக எல்லைக்கு வெளியே, சுட்டுப்போன கிரானைட்டில் ஒன்று, இன்னும் தள்ளிச் சுடாத கிரானைட்டில் ஒன்று: சுட்டதில் டைக்கின் காந்தத் திசையும் சுடாததில் வேறு திசையும் இருந்தால்தான் அந்தக் காந்தம் டைக் உறைந்த அன்றைக்கே பதிந்தது என்று ஏற்றுக்கொள்வார்கள்.